சிறையிருந்த ஊருக்கே தூதராக

கே: அமெரிக்கா ஒரு நாட்டோடு வருஷக்கணக்கில் சண்டை போடுகிறது, அப்புறம் கை குலுக்குகிறது. அங்கே போய் ரத்தம் சிந்திய பழைய ராணுவத்தினருக்கு வயிறு எரியாதா?

ப: எரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், வியட்நாம் கதையைப் படிக்கும்வரை. பீட் பீட்டர்சன் என்று ஓர் அமெரிக்க விமானி. வியட்நாம் போரில், 1966-ல் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, ஆறு வருஷத்துக்கு மேல் அங்கேயே போர்க் கைதியாகக் கிடந்தார், 1973-ல்தான் விட்டார்கள். அதே மனிதர் 1997-ல் அமெரிக்கத் தூதராக வியட்நாம் தலைநகர் ஹனோயில் போய் இறங்கினார்! போர் முடிந்து உறவு மலர்ந்தபின் போன முதல் தூதரே அவர்தான். அந்த உறவை 1995 ஜூலையில் அறிவித்த அதிபர் கிளின்டனோ வியட்நாம் போருக்குப் போகாமல் நழுவியவர் என்று பேச்சு வாங்கியவர். அவருக்குக் கேடயமாக நின்ற செனட்டர்கள் ஜான் மெக்கெய்ன், ஜான் கெர்ரி இருவரும் அந்தப் போரில் இருந்தவர்கள். மெக்கெய்ன் ஐந்தரை வருஷம் சிறையில் சித்திரவதைப்பட்டவர். கெர்ரி ஊர் திரும்பியதும், 1971-ல் செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டவர். எல்லாரும் இவர்கள் மாதிரி இல்லை. காணாமல்போன வீரர்களின் கணக்கு தீராமல் என்ன உறவு வேண்டிக்கிடக்கிறது என்று எதிர்த்தவர்களிலும் முன்னாள் வீரர்கள் ஏராளம், அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

கே: அப்படியானால் ராணுவத்தில் சேர்ந்ததே தப்பு என்று நினைக்கிறார்களா?

ப: இல்லை. கருத்துக்கணிப்பு நடத்தும் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-ல் கேட்டபோது, முன்னாள் வீரர்களில் 64 சதவீதம் பேர் இராக் போர் நடத்தத் தகுந்ததே அல்ல என்றார்கள், ஆப்கானிஸ்தானைப் பற்றி 58 சதவீதம் பேர். ஆனால் அதே மையம் 2011-ல் கேட்டபோது, 2001 தாக்குதலுக்குப் பின் பணியாற்றியவர்களில் 96 சதவீதம் பேர் தங்கள் பணியை நினைத்துப் பெருமைப்படுவதாகச் சொன்னார்கள். அனுப்பியவன் கணக்கு வேறு, போனவன் கணக்கு வேறு.

கே: காபூலை விட்டு வந்தபோது மட்டும் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்?

ப: வெளியேறியதைவிட, வெளியேறிய விதம்தான். 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானோடு அமெரிக்கா வெளியேறும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, ஆப்கான் அரசு அதில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தது. போர்முனையில் கூடவே அலைந்த மொழிபெயர்ப்பாளர்கள் விமான நிலைய வாசலில், கூட்டத்துக்குள் பிள்ளைகளோடு நின்றார்கள். அமெரிக்காவில் வீட்டில் இருந்த முன்னாள் வீரர்கள் ராத்திரி முழுக்க போனும் கையுமாக, எந்த வாசலுக்குப் போ, யாரிடம் காகிதத்தைக் காட்டு என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன்னை விட்டுவிட மாட்டோம் என்று அவர்களுக்கு நேரில் வாக்குக் கொடுத்தது வெளியுறவுத்துறை அதிகாரி இல்லையே, இந்த ஆட்கள்தானே. கொள்கை மாறலாம் சார். அந்த மொழிபெயர்ப்பாளரின் போன் நம்பர் இவர்களிடம்தானே இருந்தது.