ஹெலனா என்ற சிறு நகரத்து வானொலிக்கு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் வரலாற்றில் ஏன் இவ்வளவு பெரிய இடம்?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது ஹெலனா. அங்கே 1941 நவம்பரில் கேஎஃப்எஃப்ஏ வானொலி தொடங்கியது. ப்ளூஸ் கலைஞர்களான சன்னி பாய் வில்லியம்சனும் ராபர்ட் லாக்வுட் ஜூனியரும் அதில் வாசிக்க வாய்ப்புக் கேட்டார்கள். விளம்பரதாரர் வேண்டும் என்றது நிலையம். ஊரிலிருந்த மளிகை மொத்த வியாபார நிறுவனம் ஒன்று தன் 'கிங் பிஸ்கட்' மாவுக்காக முன்வந்தது. அப்படிப் பிறந்ததுதான் 'கிங் பிஸ்கட் டைம்'.

நேரத்தைத் தேர்ந்தெடுத்த விதம்தான் என்னை மிகவும் கவர்கிறது. பருத்திக் காட்டில் வேலை செய்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் வேளையில் நிகழ்ச்சி வந்தது. கறுப்பினக் கலைஞர்கள் நேரலையில் வாசிப்பதை வானொலியில் கேட்பது அந்தப் பகுதியில் அபூர்வமாக இருந்த காலம் அது! அன்று இரவு எந்த ஊரில் கச்சேரி என்பதையும் அவர்களே அறிவித்துக்கொள்ளலாம். சம்பளத்தைவிட அதுவே பெரிய வருமானம் என்பேன். மாவு நன்றாக விற்றது. அப்புறம் சன்னி பாயின் படத்தோடு சோள மாவும் கடைக்கு வந்தது. அப்போது வயலில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர், பின்னாளில் பெரும் ப்ளூஸ் கலைஞரான பி.பி. கிங்கும் இதைக் கேட்டு வளர்ந்தவர்தான்.

சன்னி பெய்ன் என்ற அறிவிப்பாளர் 1951 முதல் 2018இல் இறக்கும்வரை இதை நடத்தினார். வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத் தரப்படும் பீபாடி விருதும் 1992க்காக நிகழ்ச்சிக்குக் கிடைத்தது.