எந்தக் கண்ணை நம்பி கலர் ஓகே செய்வது?

கேள்வி: எனக்கு வயது 63. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறேன். படங்களைக் கம்ப்யூட்டரில் கலர் கரெக்‌ஷன் செய்வதும், புரூஃப் (மாதிரி அச்சு) பார்த்து ஓகே சொல்வதும் என் பொறுப்பு. ஐந்து வாரங்களுக்கு முன் வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். பார்வை நல்ல தெளிவு. ஆனால் மானிட்டரில் இருக்கும் அதே வெள்ளை வலது கண்ணுக்கு நீலம் கலந்தது போலவும், இடது கண்ணுக்குச் சந்தனம் பூசியது போலவும் தெரிகிறது. இடது கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறதாம். வைத்த லென்ஸில் கோளாறா? எந்தக் கண்ணை நம்பி நான் வேலை செய்வது?

பதில்: ஐயா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் லென்ஸில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனவர்கள் அடிக்கடி சொல்வதுதான் இது. "கிரீம் கலர் சுவர்னு நினைச்சிருந்தேன், சுத்த வெள்ளையா இருக்கே டாக்டர்" என்பார்கள். உங்களுக்குத் தொழிலே கலர் என்பதால் கூடுதலாக உறுத்துகிறது.

சிறுவயதில் பளிங்கு போல இருக்கும் நம் கண்ணின் லென்ஸ் வயது ஏற ஏற மஞ்சளாகும். புரை முற்றினால் பழுப்பு வரை போகும். மஞ்சள் கண்ணாடித்தாளைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது போலத்தான். சிவப்பு பெரும்பாலும் கடந்து போய்விடும். நீலம் நிறைய அங்கேயே தங்கிவிடும். வலது கண்ணில் அந்தத் தாளை எடுத்துவிட்டார்கள். இத்தனை வருடம் தடுக்கப்பட்டிருந்த நீலம் இப்போது உள்ளே வருகிறது. இடது கண்ணில் தாள் இன்னும் இருக்கிறது.

இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் உங்கள் மென்பொருளிலேயே இருக்கிறது. குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வெள்ளைத் தாள் மஞ்சளாக விழும். சிவப்பு 220, பச்சை 190, நீலம் 130 என்று காட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒயிட் பேலன்ஸ் கொடுத்ததும் நீலத்தைத் தூக்கி, மூன்றையும் சமமாக்கித் தாளை வெள்ளையாக்கிவிடுகிறது. உங்கள் கண்ணும் மூளையும் சேர்ந்து இதையேதான் செய்துவந்தன. விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம் உண்டு. அவை மூன்று வகை. நீலத்துக்கானவை மிகக் குறைவு, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தக் கூம்பும் தனியாக நிறத்தைச் சொல்லாது. மூன்று வகையும் எவ்வளவு எவ்வளவு தூண்டப்பட்டன என்று ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தை முடிவு செய்கிறது. லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி நீலத்தின் கணக்கு குறையக் குறைய, அதை ஈடுகட்டி வெள்ளையை வெள்ளையாகவே காட்டிவந்தது.

மானிட்டரும் இந்த மூன்று கணக்கை நம்பித்தான் ஓடுகிறது. திரையில் நீங்கள் பார்க்கும் மஞ்சளில் மஞ்சள் ஒளி கிடையாது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் எரிகின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். கேமராவில் ஒளியைப் பிடிக்கும் சென்சாரின் சதுரங்களில் பாதி பச்சைக்கு, கால் சிவப்புக்கு, கால் நீலத்துக்கு என்று கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் பிரித்தார். 1976இல் காப்புரிமை கிடைத்தது. நுணுக்கமான விவரங்களை நம் கண் பெரும்பாலும் பச்சைப் பக்கத்து ஒளியில்தான் பிடிக்கிறது என்பதே காரணம். மனிதக் கண்ணை அளவெடுத்துத் தைத்த சட்டைதான் இந்த டிஜிட்டல் படம் முழுக்க. உங்கள் இரண்டு கண்களின் அளவும் இப்போது வேறு வேறாக இருப்பதால் சட்டை பொருந்தவில்லை.

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவுக்கும் இதே நிலைதான். 1923இல் அவருக்கும் வலது கண்ணில்தான் புரை ஆபரேஷன். அதன்பின் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று மனம் நொந்தார். நிறம் பூசிய கண்ணாடிகள் போட்டுப் பார்த்தார். இடது கண்ணில் ஆபரேஷனுக்குக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவர் காலத்தில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸே கிடையாது. 1949இல்தான் லண்டனில் ஹாரல்ட் ரிட்லி முதன்முதலாக வைத்தார். உங்கள் நிலைமை மோனேவைவிட எவ்வளவோ மேல்.

சரி, எந்தக் கண்ணை நம்புவது? வெளியிலிருந்து வரும் ஒளியை அதிகம் மாற்றாமல் உள்ளே விடுவது வலது கண்தான். ஆனால் மூளை இன்னும் பழைய ஈடுகட்டலை விடவில்லை, அதனால்தான் நீலம் தூக்கலாக இருக்கிறது. இது சரியாவதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அதுவரை இரண்டையும் நம்பாமல் எண்ணை நம்புங்கள். சாம்பல் நிறம் சரியா என்று கண்ணால் பார்ப்பதை விட்டு, மென்பொருளில் நிறத்தின் எண்களைக் காட்டும் ஐடிராப்பரை வைத்து மூன்று எண்ணும் சமமா என்று பாருங்கள். புரூஃபை டியூப்லைட்டில் பார்க்காமல் புரூஃப் பார்ப்பதற்கென்றே உள்ள 5000 கெல்வின் வெள்ளை விளக்கில் பாருங்கள். அச்சடித்த தாளை, மையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மானிட்டரில் நைட் லைட் போன்ற மஞ்சள் மோடு ஓடினால் அணைத்துவிடுங்கள். முக்கியமாக, கருநீலமும் கறுப்பும் அடுத்தடுத்து வரும் இடங்களையும், வெள்ளைத் தாளில் வெளிர்மஞ்சள் வரும் இடங்களையும் இளவயதுக்காரர் ஒருவரிடம் காட்டிவிட்டு ஓகே செய்யுங்கள். மஞ்சளான லென்ஸ் தடுமாறுவது இந்த இரண்டு இடங்களில்தான். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: வைத்தது தெளிவான லென்ஸா, லேசான மஞ்சள் சாயம் உள்ளதா? இரண்டுமே நல்ல லென்ஸ்கள்தான். இடது கண்ணுக்கு ஆபரேஷன் நாள் வரும்போது அதே வகையைக் கேளுங்கள். உங்கள் தொழிலையும் சொல்லிவிடுங்கள். கலர் வேலை செய்பவர் என்று தெரிந்தால் அவரும் அதற்கேற்ப யோசிப்பார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நீலத்தில் வித்தியாசம் தெரிவது இயல்பு. ஆனால் ஆபரேஷன் ஆன கண்ணில் சிவப்பு வெளிறிப்போனால் அது வேறு விஷயம், கண் நரம்பையோ விழித்திரையையோ பார்க்க வேண்டியிருக்கும். குங்குமச் சிமிழை ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறிப் பாருங்கள். வலது கண்ணில் சிவப்பு மங்கலாக இருந்தாலோ, வலி, கண் சிவத்தல், பார்வை குறைதல், மின்னல் போல வெட்டுதல், ஓரத்தில் திரை விழுந்தது போலத் தெரிதல் ஏதாவது இருந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். காசநோய்க்கு எத்தாம்புட்டால் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள்; அந்த மருந்து நிறப் பார்வையைப் பாதிக்கும்.

அப்புறம், போன வருடம் நீங்கள் ஓகே செய்த காலண்டர் ஒன்றை எடுத்து, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணாலும் பார்த்து, எந்த நிறம் எப்படித் தெரிகிறது என்று தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே காலண்டர், அதே ஜன்னல் ஓரம். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.