செப்டிக் டேங்க்: பதினோரு வருஷமா நிறையவே இல்லையே!

கேள்வி: சார், தொட்டி கட்டிப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை. நல்லா கட்டியிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

பதில்: இல்லைங்க. ஒழுங்கான தொட்டி சில வாரத்திலேயே வெளிக்குழாய் மட்டம் வரை நிறைந்துவிடும். அதன்பிறகு எப்போதும் அப்படியேதான் நிற்கும். வருகிற அளவு தண்ணீர் வெளியே போகும், கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாக மிதக்கும். மூடியைத் திறந்தால் தண்ணீர் வெளிக்குழாய்க்குக் கீழே கிடக்கிறதா? தரையில் கான்கிரீட் இல்லை, அல்லது சுவர் கசிகிறது. மட்டம் சரியாக இருந்தால் நீளமான கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிஷம் கழித்து எடுங்கள். கறுப்புக் கறை ஏறிய உயரம்தான் கசடு. நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது எட்டியிருந்தால் லாரிக்குச் சொல்லிவிடுங்கள். மூடியருகே பீடி, தீக்குச்சி கூடாது; உள்ளே மீத்தேன் இருக்கும்.

கேள்வி: புது வீடு, ஏழு பேர். என்ன அளவு? மேஸ்திரி 'ஆறுக்கு ஆறு போதும்' என்கிறார்.

பதில்: சதுரம் வேண்டாம். உள்ளே வரும் தண்ணீர் நேராக வெளிக்குழாய்க்கு ஓடிவிடும், கசடு படிய நேரம் கிடைக்காது. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470 சொல்வது: நீளம் அகலத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு. பத்துப் பேர் வரைக்கும் 2 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பதானால் நீர் ஆழம் 1 மீட்டர், மூன்று வருஷத்துக்கு 1.4 மீட்டர், மேலே 30 செ.மீ. காலி இடம். 1.4 என்றால் கொள்ளளவு 2,500 லிட்டரைத் தாண்டும். 2,000 லிட்டருக்கு மேல் போனால் தடுப்புச் சுவர் வேண்டும். உள்குழாய்ப் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், அதாவது சுமார் 1.3 மீட்டரில் வையுங்கள். வெளிக்குழாய் உள்குழாயைவிட 5 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். இரண்டிலும் 'டீ' (T வடிவக் குழாய்) போட்டு, கீழ்க்கால் தண்ணீருக்குள் 30 செ.மீ. இறங்க வேண்டும். பலரும் மிச்சம் பிடிப்பது இந்த டீயில்தான். அது இல்லாவிட்டால் ஆடை, வெளியேறும் தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும் உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணை அடைத்துவிடும். பிறகு குழியையே புதிதாகத் தோண்ட வேண்டியதுதான்.

கேள்வி: உறிஞ்சு குழிக்கு இடமில்லை அண்ணே. தெரு மழைநீர்க் கால்வாயில் விட்டுக்கலாமா?

பதில்: கூடாது. தெளிந்து தெரிந்தாலும் அது சுத்தமான தண்ணீர் இல்லை, கிருமி அப்படியே இருக்கும். குழியின் குறைந்தபட்ச அளவு 90 செ.மீ. விட்டம், குழாய்க்குக் கீழே 1 மீட்டர் ஆழம்; அதற்கு இடம் கிடைக்கும். குடிநீர்க் கிணறு, போரிலிருந்து 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக் கிணறும் இதில் சேர்த்தி. களிமண் நிலத்தில் குழி உறிஞ்சாது. அங்கே மேல்நோக்கிப் பாயும் ஜல்லி வடிகட்டி கட்டுங்கள்.

கேள்வி: ஆள் இறக்கிச் சுத்தம் செய்தால் செலவு குறைவு என்கிறார்கள்.

பதில்: அது குற்றம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்க ஏற்பாடு செய்பவருக்கு முதல் தடவையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரர் தப்ப முடியாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். 'நாத்தம் இல்லையே' என்று இறங்குபவர்தான் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் கூடவே. உள்ளாட்சி உரிமம் பெற்ற வண்டியைக் கூப்பிடுங்கள், எங்கே கொட்டுவார்கள் என்றும் கேளுங்கள். ஏரிக்கரை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் இருப்பதுபோல் கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கோதான் அது போக வேண்டும்.

கேள்வி: எடுத்த பிறகு சாணம், ஈஸ்ட் போடணுமா?

பதில்: வேண்டாம். அடியில் ஓர் அங்குலம் கசடை விட்டுவைத்தால் போதும், கழிவை மக்கச்செய்யும் நுண்ணுயிர் அதிலேயே இருக்கும். கழிவறைக்கு ஆசிட் ஊற்றுவதைக் குறையுங்கள். மழைக்காலத்தில், நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது முழுசாகக் காலி செய்யாதீர்கள். ஃபைபர் தொட்டி என்றால் மிதந்து மேலே வந்துவிடும்.