கோடை வேலையை இடையில் விட்டு ரயிலேறுவதற்கு முன்

கேள்வி: ஜெர்மனியில் முதுகலைப் பொறியியல் படிக்கும் 24 வயது இந்திய மாணவன் நான். பவேரியாவில் கீம்ஸே ஏரிக்கரையில் உள்ள ஓர் ஓட்டலில் 2026 ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை, வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தங்க அறையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டோடு நின்றுவிட்டு, செப்டம்பரில் மூன்று வாரம் வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ரோம், சுவிட்சர்லாந்து, பாரிஸ், முடிந்தால் லண்டன் என்று ரயிலிலேயே சுற்றிவர ஆசை. இடையில் நின்றால் சம்பளம் போய்விடுமா? யூரெயில் பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட் எடுக்கலாமா? என் குடியிருப்பு அட்டை செப்டம்பர் 20 வரை செல்லும். வேறு விசா ஏதும் தேவையா?

பதில்: பாஸைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. ஆனால் இந்தப் பயணத்தைத் தீர்மானிக்கப்போவது ஒப்பந்தத்தில் உள்ள செப்டம்பர் 30, அட்டையில் உள்ள செப்டம்பர் 20 என்ற இரண்டு தேதிகளே. இவ்விரண்டையும் ஒழுங்குபடுத்தும் வரை, திருப்பித் தர இயலாத எந்த டிக்கெட்டையும் வாங்காதீர்கள்.

முதலில் வேலை ஒப்பந்தம். முடியும் தேதி குறிக்கப்பட்ட ஒப்பந்தத்தை, அந்தத் தேதிக்கு முன் சாதாரண முறையில் முறித்துக்கொள்ள ஜெர்மன் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. இடையில் விலகலாம் என்று ஒப்பந்தத்திலோ, அந்தத் தொழிலுக்குரிய கூட்டு ஊதிய ஒப்பந்தத்திலோ (தொழிற்சங்கமும் முதலாளிகள் தரப்பும் செய்துகொள்வது) எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அந்த உரிமை உண்டு. இந்தியாவில் ‘ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும்’ என்று பழகிய நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே ஒப்பந்தத்தை எடுத்து ‘க்யூண்டிகுங்’, அதாவது பணிவிலகல், என்ற தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், ‘ப்ரோபெட்ஸைட்’ எனப்படும் தகுதிகாண் காலம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தகுதிகாண் காலம் பேசப்பட்டிருந்து, வேறு கால அளவு எழுதப்படாமலும் இருந்தால், அதற்குள் இரண்டு வார முன்னறிவிப்போடு எந்த நாளிலும் விலகலாம். பணிவிலகலை அனுமதித்து, ஆனால் தகுதிகாண் காலம் இல்லாமல் எழுதப்பட்ட ஒப்பந்தமானால் சட்டத்தின் பொது விதி பொருந்தும். அதன்படி நான்கு வார முன்னறிவிப்பு தேவை, அது மாதத்தின் 15ஆம் தேதியிலோ கடைசி நாளிலோ முடிய வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்படாத தற்காலிக உதவி வேலைகளுக்கு இதைவிடக் குறுகிய காலத்தையும் இரு தரப்பும் பேசிக்கொள்ளலாம் என்பதால், எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

நீங்கள் விரும்பும் ஆகஸ்ட் 31 இந்த ஆண்டு திங்கட்கிழமையில் வருகிறது. இரண்டு வாரக் கணக்கென்றால் ஆகஸ்ட் 17க்குள்ளும், நான்கு வாரக் கணக்கென்றால் ஆகஸ்ட் 3க்குள்ளும் உங்கள் கடிதம் முதலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பிய நாளைக் கணக்கில் கொள்வதில்லை. கடிதம் காகிதத்தில், பேனாவால் இட்ட கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது சிவில் சட்டத் தொகுப்பின் 623ஆம் பிரிவு. மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும், மேலாளர் கட்டை விரலை உயர்த்திப் பதில் போட்டிருந்தாலும், செல்லுபடியாகா. இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் விலகும் உரிமை ஒப்பந்தத்திலேயே இல்லையென்றால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வேலையை முடித்துக்கொள்ளும் ‘ஆஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்’ என்ற ஒப்பந்தம் ஒன்றுதான் நேர்வழி. அதற்கும் காகிதமும் கையெழுத்தும் தேவை. ஏரிக்கரை ஓட்டலுக்கு ஆகஸ்டில்தான் ஆள் தேவை உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறை செப்டம்பர் நடுப்பகுதி வரை நீள்வது பவேரியாவின் வழக்கம் என்பதால், செப்டம்பரின் முதல் இரு வாரங்களுக்கும் உங்களை விட மனம் வராமல் போகலாம். ஜூலையிலேயே பேச்சைத் தொடங்கினால் மாற்று ஆள் தேட அவர்களுக்கும் அவகாசம் கிடைக்கும். சொல்லாமல் கிளம்புவதை மட்டும் செய்யாதீர்கள். ஒப்பந்தத்தில் அபராதம் எழுதியிருந்தால் அதைக் கேட்பார்கள். இல்லாவிட்டாலும் நிரூபிக்கக்கூடிய நட்டத்தைக் கோர வழியுண்டு.

சம்பளத்தைப் பற்றிய அச்சம் ஓரளவுக்கு வீண். செய்த வேலைக்கான கூலி, நீங்கள் எப்படி விலகினாலும் உங்களுக்குச் சேர வேண்டியதே. இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. ஜூலை, ஆகஸ்ட் இரு மாதங்களிலும் திங்கள் முதல் வெள்ளி வரை எண்ணினால் 44 நாட்கள். நாளுக்கு எட்டு மணி நேரமென்றால் பிடித்தம் போகுமுன் ஏறத்தாழ 4,890 யூரோ வரும். இதோடு, முழுமையாக வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஆண்டு விடுப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு உண்டு. வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டம் தரும் குறைந்தபட்ச விடுப்பு ஆண்டுக்கு 20 நாள் என்பதால், இரண்டு மாதத்துக்கு மூன்று நாளுக்குச் சற்று மேல் சேர்ந்திருக்கும். அதைக் கடைசி வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம். எடுக்க முடியாமல் போனால் பணமாகத் தர வேண்டும். கேட்காதவர்களுக்கு இது பெரும்பாலும் விட்டுப்போகிறது. அறையைக் காலி செய்யும் நாளில் சாவியையும் சீருடையையும் ஒப்படைத்ததற்கு ஒரு சிறு ரசீது வாங்கிக்கொள்வதும் நல்லது.

இனி அந்த அட்டை. ஜெர்மனி வழங்கிய செல்லுபடியாகும் குடியிருப்பு அட்டையும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால், தங்களுக்கிடையே வழக்கமான எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் தங்கலாம். ஆஸ்திரியா, ஹங்கேரி, இத்தாலி, பிரான்ஸ் எல்லாம் இதில் அடங்கும்; ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் ஷெங்கனில் உண்டு. ஆனால் உங்கள் உரிமை செப்டம்பர் 20 வரைதான் நிற்கிறது. அந்தத் தேதிக்கு முன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால் ஜெர்மனிக்குள் உங்கள் நிலை சட்டப்படி தொடரும். எனினும், விண்ணப்பித்ததற்கான மின்னஞ்சலை எல்லையில் காட்டித் தப்பிக்க முடியாது. ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்ற இடைக்காலச் சான்றிதழ் வேண்டும். அதன் மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டம் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே, காலாவதியான அட்டையோடு சேர்த்துக் காட்டி மீண்டும் உள்ளே வரலாம். முதலிரண்டு கட்டங்களுக்கு அந்த உரிமை இல்லை. என் ஆலோசனை: நீட்டிப்பு விண்ணப்பத்தை ஜூலையிலேயே அனுப்பிவிடுங்கள், சான்றிதழ் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் செப்டம்பர் 18 இரவுக்குள் ஜெர்மனிக்குத் திரும்பும்படி பயணத்தை அமையுங்கள். மூன்று வாரம் பதினெட்டு நாளாகச் சுருங்குவதில் பெரிய இழப்பில்லை.

ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்று நினைத்துக் கடவுச்சீட்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையை நடத்திவருகிறது. ரயிலுக்குள்ளேயே காவலர்கள் ஏறுவார்கள். அசல் கடவுச்சீட்டும் அசல் அட்டையும் உடலோடு இருக்க வேண்டும், கைப்பேசியில் உள்ள படம் போதாது.

லண்டனை இம்முறை விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான ரயில் பாஸான இன்டர்ரெயில் செல்லும் 33 நாடுகளில் பிரிட்டன், அயர்லாந்து, செர்பியா, துருக்கி ஆகியவையும் இருக்கின்றன. அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பாஸ் செல்லும் இடமெல்லாம் தாமும் செல்லலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. பிரிட்டனுக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்குத் தனி விசா வேண்டும். லண்டன் செல்லும் யூரோஸ்டார் ரயிலில் ஏறுமுன் பாரிஸ் நிலையத்திலேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைப் பார்ப்பார்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று மருத்துவக் காப்பீடு. ஜெர்மன் பொதுக் காப்பீட்டு அட்டையின் பின்புறம் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டையாகவும் பயன்படும். ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் இத்தாலியிலும் பிரான்சிலும் அவசரச் சிகிச்சைக்கு அது உதவும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் அந்த அட்டையைச் சுவிட்சர்லாந்து, நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளில் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியாது. ஆல்ப்ஸ் மலையில் கணுக்கால் பிசகினால் செலவு உங்களுடையதே. சில யூரோக்களில் கிடைக்கும் பயணக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாஸுக்கு வருவோம். உங்களுக்கு உரியது யூரெயில் அல்ல, இன்டர்ரெயில். இதைப் பிரிப்பது குடியுரிமை அன்று, வசிக்கும் இடம். ஐரோப்பாவில் சட்டப்படி வசிப்பவர் எந்த நாட்டவரானாலும் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். 27 வயது வரை இளையோர் விலை கிடைக்கும். வசிக்கும் நாட்டுக்குள், வெளியேற ஒரு பயணத்துக்கும் திரும்பிவர ஒரு பயணத்துக்கும் மட்டுமே பாஸ் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள்.

பாஸ் லாபமா என்பது நாட்டைப் பொறுத்தது. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகியவற்றில் பெரும்பாலான பகல் ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை. பாஸைக் காட்டி ஏறி உட்காரலாம். இத்தாலியின் ஃப்ரெச்சா, பிரான்சின் டிஜிவி ஆகிய அதிவேக ரயில்களுக்கு, பாஸ் இருந்தாலும், இருக்கைக் கட்டணம் தனியே கட்ட வேண்டும். ஒரு பயணத்துக்குப் பத்து யூரோ முதல் முப்பது யூரோ வரை எதிர்பார்க்கலாம். டிஜிவியில் பாஸ்காரர்களுக்கான இருக்கைகள் அளவோடுதான் இருப்பதால், பாரிஸுக்குப் போகும் பயணம், அங்கிருந்து திரும்பும் பயணம் இரண்டையும் தேதி உறுதியான அன்றே பதிவு செய்துவிடுங்கள். இட்டாலோ, ஃபிளிக்ஸ்டிரெயின், விகோ போன்ற மலிவு நிறுவனங்களில் பாஸ் செல்லாது.

உங்கள் வழித்தடத்துக்கு நான் போடும் கணக்கு இப்படி. கீம்ஸே கரையில் உள்ள பிரீன் நிலையம், மியூனிக்–சால்ஸ்புர்க் பாதையிலேயே இருக்கிறது. ஜெர்மனி எங்கும் வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாந்து டிக்கெட், வட்டார ரயிலில் ஆஸ்திரிய எல்லையைத் தாண்டிச் சால்ஸ்புர்க் முதன்மை நிலையம் வரை செல்லும். உங்கள் பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் டிக்கெட் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததென்றால் செப்டம்பர் 30 வரை கையில் இருப்பதுதான். மாதம் 63 யூரோ கட்டும் தனிச் சந்தாவானால், ஆகஸ்டோடு நிறுத்த அம்மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். எப்படியானாலும் ஜெர்மனியைவிட்டு வெளியேற பாஸின் ஒரு நாளை வீணாக்கத் தேவையில்லை. சால்ஸ்புர்க்–வியன்னா, வியன்னா–புடாபெஸ்ட் இரண்டும் மூன்று மணி நேரத்துக்குட்பட்ட பயணங்கள். சில வாரங்கள் முன்பே எடுத்தால் சலுகை டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். வெனிஸ்–ரோம் பாதையில் இரு நிறுவனங்கள் போட்டியிடுவதால் அதையும் தனியே வாங்கலாம். மிஞ்சுபவை புடாபெஸ்டிலிருந்து வியன்னா வழியாக வெனிஸ், ரோமிலிருந்து மிலான் வழியாக சுவிஸ் எல்லையை ஒட்டிய இத்தாலிய ஊரான திரானோ, திரானோவிலிருந்து சூரிக், சூரிக்கிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து ஜெர்மனி ஆகிய ஐந்து நீண்ட நாட்கள். ஒரு மாதத்துக்குள் ஐந்து பயண நாள் தரும் பாஸ் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. வாங்குமுன் இந்த ஐந்துக்குமான சலுகை டிக்கெட் விலையைக் கூட்டி, பாஸ் விலையோடு இருக்கைக் கட்டணங்களைச் சேர்த்து ஒப்பிட்டுவிடுங்கள். வித்தியாசம் சிறிதென்றால் பாஸையே எடுங்கள், மழை பெய்தால் ஒரு நாள் தள்ளிப்போடும் சுதந்திரத்துக்கும் விலையுண்டு.

வியன்னாவிலிருந்து தெற்கே போகும் ரயில் செம்மரிங் மலைப்பாதையில் ஏறும். பொறியாளர் கார்ல் ரிட்டர் ஃபொன் கேகா அமைத்து 1854இல் திறக்கப்பட்ட பாதை அது. இருட்டிய பின் கடந்தால் வீண் என்பதால் புடாபெஸ்டைக் காலையிலேயே விட்டுவிடுங்கள். திரானோவில் ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ என்ற கண்ணாடிக் கூரை ரயிலுக்குக் கூடுதல் கட்டணமும் முன்பதிவும் கேட்பார்கள். அதே தண்டவாளத்தில், 2,253 மீட்டர் உயரமுள்ள ஒஸ்பிட்சியோ பெர்னினா வழியாகவே, சுவிஸ் நிறுவனமான ரேட்டியன் ரயில்வேயின் சாதாரண வண்டியும் போகிறது. அதில் பாஸ் போதும், முன்பதிவு வேண்டாம், ஜன்னலையும் திறக்கலாம். நான் என்றும் அதையே சிபாரிசு செய்வேன்.

இரவு ரயிலை விரும்பினால் ஒரு விதியை அறிந்துகொள்ளுங்கள். பாஸின் பயண நாள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. நள்ளிரவுக்கு முன் புறப்படும் இரவு ரயிலுக்குப் புறப்பட்ட நாள் மட்டும் கணக்கு, காலையில் இறங்கி வேறு ரயில் மாறினால் அடுத்த நாளும் சேரும். ரயில் தாமதமானால், 60 நிமிடத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடத்துக்கு 50 விழுக்காடும் ஐரோப்பிய விதிப்படி திரும்பக் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஆனால் தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவே இணைப்பைத் தவறவிட்டால் இரண்டாவது டிக்கெட் உங்கள் பொறுப்பாகிவிடலாம். சால்ஸ்புர்க்கிலும் வியன்னாவிலும் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

அறையில் சேர்ந்த பொருட்களைத் தோளில் சுமக்காதீர்கள், 31.5 கிலோ வரை டிஎச்எல் பார்சலாக மாணவர் விடுதி நண்பருக்கு அனுப்பிவிடலாம். ஓட்டலில் கடைசிச் சம்பளச் சீட்டும் ஊதியவரிச் சான்றும் அந்த முகவரிக்கே வரும்படி எழுதிக் கொடுங்கள். மாதச் சம்பளத்தில் வரி பிடித்திருப்பார்கள். 2026இல் வரியில்லா அடிப்படை வருமானம் 12,348 யூரோ. ஆண்டு முழுவதும் உங்கள் வருமானம் அதற்குள் இருந்தால், ஜெர்மன் வரித்துறையின் எல்ஸ்டர் இணையதளத்தில் கணக்குத் தாக்கல் செய்து பிடித்த வரி முழுவதையும் திரும்பப் பெறலாம். அதற்கு 2030 டிசம்பர் 31 வரை அவகாசம் இருக்கிறது. இருந்தாலும் அடுத்த வசந்தத்திலேயே செய்துவிடுங்கள், அதற்குள் சான்றைத் தொலைத்திருக்க மாட்டீர்கள்.