வாசகர் கேள்வி-பதில்: சொந்தக் காசில் சாஃப்ட்வேர் நிறுவனம்

பல் கிளினிக்குகளுக்கு அப்பாயிண்ட்மென்ட் சாஃப்ட்வேர் தருகிறோம். சந்தா மாதம் 899 ரூபாய், இப்போது 80 கிளினிக்குகள். மாதம் 10 பேர் சேர்கிறார்கள், 4 பேர் போய்விடுகிறார்கள். மூவரில் ஒருவர் மட்டுமே முழுநேரம். கையில் இருக்கும் 2 லட்சத்தை விளம்பரத்தில் போடலாமா?
— வாசகர், ஈரோடு

இப்போது வேண்டாம். 80-க்கு 4 என்றால் மாதம் 5 சதவீதம் உதிர்கிறது. கிளினிக் எண்ணிக்கை 200-ஐத் தொடும்போது போகிறவர்களும் 10 பேராகிவிடுவார்கள். அதோடு வளர்ச்சி நின்றுவிடும். மாதம் 1,79,800 ரூபாய்தான் உச்சம். சர்வர், எஸ்எம்எஸ், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கேட்வேயின் கமிஷன் போக மூன்று குடும்பத்துக்கு அது காணாது. உதிர்வை 2.5 சதவீதமாக்கினால், விளம்பரமே இல்லாமல் அதே 10 பேரை வைத்து 400 வரை போகலாம்.

போனவர்களின் கணக்குகளைத் திறந்து பாருங்கள். பழைய நோயாளிகளின் பட்டியல் ஏறாத கணக்குகள்தான் முதலில் கழன்றிருக்கும். ரிசப்ஷனில் இருப்பவர் நோட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்றினால் எத்தனை நாள் தாங்குவார்? பட்டியலை வாங்கி முதல் நாளே நீங்களே ஏற்றிக் கொடுங்கள். எக்செல்லில் போன் நம்பர்கள் 9.87654E+09 என்று சுருங்கி நிற்கும்; அந்த நெடுவரிசையின் ஃபார்மட்டைச் சரிசெய்துவிட்டு எடுங்கள். போன் நம்பரை வைத்து நோயாளியை அடையாளம் காணாதீர்கள். நம் ஊரில் ஒரே நம்பரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர் இருப்பார்கள். நால்வரின் சிகிச்சைக் குறிப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். மறுநாள் அப்பாயிண்ட்மென்ட்டுக்கான நினைவூட்டல், பட்டியலை ஏற்றிய அன்று மாலையே போகட்டும். அதைப் பார்த்த டாக்டர் லேசில் விலக மாட்டார்.

தொடர்ந்து மூன்று மாதம் உதிர்வு 3 சதவீதத்துக்குள் நின்று, ஆறு மாதச் செலவும் வங்கியில் இருந்தால் இரண்டாமவர் வேலையை விடலாம்.

வருடச் சந்தாவைக் கார்டில் தானாகப் பிடிக்கும்போது பல பேருக்குத் தோல்வியடைகிறதே?
— வாசகர், திருச்சி

தொகையைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்க வாடிக்கையாளர் முன்கூட்டியே தரும் அனுமதி) விதிப்படி, உங்களைப் போன்ற சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரைதான் ஓடிபி இல்லாமல் பிடிக்க முடியும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் ஓடிபி போட வேண்டும். அவர் கவனிக்காவிட்டால் பணம் வராது. வரம்பு ஜிஎஸ்டி சேர்ந்த தொகைக்கு என்பதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 18 சதவீதம் சேர்த்தால் 12,700 ரூபாய்ச் சந்தா 14,986 ஆகிறது. வருட விலையை அதற்குள் வையுங்கள். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து அறிவிப்பு போகும். அதைப் பார்த்துப் பயந்து ரத்து செய்கிறவர்களும் உண்டு. மூன்று நாள் முன்பே உங்கள் பெயரில் ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.

வேறு ஊரில் இருக்கும் ஃப்ரீலான்சரிடம் எங்கள் சாஃப்ட்வேரின் கோடில் பாதியை எழுதி வாங்கினோம். பணம் முழுதும் கொடுத்தாகிவிட்டது. கோட் எங்களுடையதுதானே?
— வாசகர், மதுரை

பணம் கொடுத்ததாலேயே உங்களுடையது ஆகிவிடாது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சேரும். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. அவர் எழுதியதற்கு அவரே உரிமையாளர். 19-ஆவது பிரிவுப்படி அவர் எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் உரிமை உங்களிடம் வரும்.

"எல்லா உரிமையும் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதி வாங்குவதும் போதாது. காலம் சொல்லாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். ஆகவே எந்த வேலை, எவ்வளவு தொகை, காப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் செல்லும் ஆகிய ஐந்தும் பத்திரத்தில் இருக்கட்டும். அவரோடு உறவு நன்றாக இருக்கும்போதே ஒரு வக்கீலிடம் காட்டி எழுதி வாங்குங்கள். கம்பெனியை விற்கப் போகும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்கிற காகிதங்களில் இதுவும் ஒன்று.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் ஜிஎஸ்டி போட வேண்டுமா?
— வாசகர், சென்னை

சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். ஆனால் ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள் ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யூடி, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி, கொடுத்திருக்க வேண்டும். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும்; ஏப்ரலில் மறந்தால் வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய நேரும். பதிவுக்கான 20 லட்சம் வரம்பில் வெளிநாட்டு வருமானமும் சேரும்.

பேடில் போன்ற இடைநிலை விற்பனையாளர்கள் அந்தந்த நாட்டு வரியைத் தாங்களே கட்டிவிடுவார்கள். 5 சதவீதத்தோடு 50 சென்ட் எடுக்கும் கட்டணத்தில், 9 டாலர் சந்தாவில் 95 சென்ட், அதாவது பத்து சதவீதத்துக்கு மேல் போகும். 49 டாலரில் அது 6 சதவீதம். சின்ன விலை வைப்பவர்கள் வருடத்துக்கு ஒரே பில்லாகப் போடுவது நல்லது.

நான்கு ஊரில் ஆறு பேர். தினமும் வீடியோ கால் போட்டும் வேலை சிக்குகிறது.
— வாசகர், திருநெல்வேலி

வாரம் இரண்டு கால் போதும். மற்ற நாட்களில் வேலை முடிக்குமுன் ஒவ்வொருவரும் மூன்று வரி எழுதட்டும்: எது முடிந்தது, எது நிற்கிறது, யாரிடமிருந்து எதற்குள் பதில் வேண்டும். மூன்றாவது வரி இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண்.

டொமைன், சர்வர், பேமென்ட் கணக்கு மூன்றும் கம்பெனி மெயிலில் இருக்கட்டும். ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் போனை மாற்றிய அன்று ஆறு பேரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

மாதம் ஒரு சனிக்கிழமை, பேக்கப்பை வெறும் சர்வரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். சர்வரை அமைக்காத ஒருவர், எழுதிவைத்த குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு செய்யட்டும். அப்போதுதான் ஓட்டை தெரியும்: டேட்டாபேஸ் திரும்பியிருக்கும், வாடிக்கையாளர் ஏற்றிய படங்கள் வந்திருக்காது. அல்லது பேக்கப்பைத் திறக்கும் சாவி பழைய சர்வரிலேயே கிடக்கும்.