காதால் ஓடும் கணினி: திருகோணமலை வாசகர் கேள்விகள்

மகன் உயர்தரம் படிக்கிறான், பார்வை இல்லை. பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட வேணும். கடையில்தான் கொடுக்க வேணுமா?
– உப்புவெளித் தாய் ஒருவர்

மகனே போடட்டும் அம்மா. டெபியன் என்ற லினக்ஸ் வகை உள்ள யுஎஸ்பியைக் குத்தி மெஷினைப் போட்டால், மெனு வந்ததும் 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால், அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அதுவே வாசித்துச் சொல்லும். சில லப்டொப்பில் பீப் வராது, கொஞ்சம் பொறுத்துவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். யுஎஸ்பியைத் தெரிவுசெய்யும் பயோஸ் திரை மட்டும் வாய் திறக்காது. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் உங்கள் கண் தேவை.

எந்த டெஸ்க்டொப் என்று கேட்டால் மாத்தே என்பேன். க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டொப்பும், திரையை வாசித்துச் சொல்லும் ஓர்காவோடு ஒத்துப்போகும்தான். ஆனால் மாத்தேயில் ஆல்ட், எஃப் 1 அழுத்தினால் மெனு, கீழ் அம்பால் ஒவ்வொன்றாக இறங்கலாம். விரல் சீக்கிரம் பழகிவிடும்.

பாஸ்வேர்ட் கேட்கிற இடத்தில் மெஷின் ஊமையாகிவிடுகிறது.
– மூதூர் வாசகர்

எனக்கும் நடந்தது. திருத்தக் கொடுத்த கடையில், உள்ளே போன பிறகு மட்டும் ஓர்கா தொடங்குகிற மாதிரி வைத்துவிட்டார்கள். கரண்ட் போய் வந்தால், மெஷினின் ஃபேன் சத்தத்தை வைத்துக் குத்துமதிப்பாக பாஸ்வேர்ட் அடிப்பேன். க்னோம் என்றால் அந்தத் திரையிலேயே விண்டோஸ் கீ, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். உங்கள் கணக்கில் செய்த அமைப்பு அங்கே செல்லாது, லாகின் திரைக்குத் தனியாக ஓர்காவைப் போட வேண்டும்.

ஓர்காவுக்குக் கட்டளை கொடுக்கும் இன்சர்ட் கீயே என் லப்டொப்பில் இல்லை.
– கிண்ணியா வாசகர்

ஆல்ட், எஃப் 2 தட்டி, 'ஓர்கா' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ஹைபன் எஸ் போடுங்கள். வரும் அமைப்பில் லப்டொப் வகையைத் தெரிவுசெய்தால் கேப்ஸ் லொக் அந்த வேலையைப் பார்க்கும்.

தமிழ்க் கடிதத்தைக் குப்பையாக வாசிக்கிறது. குரல் பழுதா?
– நிலாவெளி வாசகி

குரலில் பழுதில்லைத் தங்கச்சி, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதமாக இருக்கும். திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, செமிகோலன், கே, எச். கண்ணுக்கு அம்மா, காதுக்கு அந்த ஐந்தும்தான். தமிழ் எழுத்தை உள்ளேயும் தமிழாகவே வைக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால், ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் மென்பொருள் ஒழுங்காகத் தமிழில் வாசிக்கும். தகரக் குரல்தான், ஆனால் எவ்வளவு விரைவாக ஓடவிட்டாலும் எனக்குச் சொல் பிடிபடுகிறது. அடுத்த முறை கடிதம் வாங்கும்போதே, "யூனிகோடில் அடித்துத் தாங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.