மடிநோய்க்குப் புது மருந்து தேடும் முன்

கேள்வி: எங்கள் கலப்பினப் பசுவுக்கு இரண்டாவது முறையாக மடிநோய். மடியில் ஒரு காம்புப் பகுதி கல்லாக இறுகி, பால் திரிதிரியாக வருகிறது. மருந்துக் கடையில் வாங்கிப் போட்ட மூன்று வகை ஊசிகளுக்கும் கேட்கவில்லை. கிருமியைக் கொல்லாமல் அதன் வீரியத்தை மட்டும் முறிக்கும் மருந்து வந்திருக்கிறதாமே, எங்கே கிடைக்கும்?
- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: மாட்டுக்கு அப்படியொரு மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஆராய்ச்சி நடப்பது உண்மை. மடிநோய் தரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, தன் கூட்டம் பெருகியதை வேதிக்குறிகளால் அறிந்த பிறகே நஞ்சை அதிகம் சுரக்கும். அந்த ஏற்பாட்டை முடக்கும் சாவிரின் என்ற சிறு மூலக்கூறு சுண்டெலிகளில் பலன் தந்திருக்கிறது. மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பை முறிக்கும் துணைமருந்தோ பழையது: அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லியோடு சேர்ந்து வரும் கிளாவுலானிக் அமிலம். பென்சிலின் வகை மருந்தைச் சிதைக்கும் கிருமியின் நொதியை அது செயலிழக்கச் செய்கிறது. 1981 முதல் மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள். உங்கள் மூன்று ஊசிகளில் அதுவும் ஒன்றா என்று அட்டையைப் பாருங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, மடியில் இருப்பது எந்தக் கிருமி என்று. சாவிரின் ஆரியஸை அடக்கும், மடிநோய் தரும் இன்னொரு கிருமியான ஈ.கோலையை ஒன்றும் செய்யாது. வீரியம் முறிக்கும் மருந்துகளில் பலவும் இப்படிக் குறிப்பிட்ட கிருமிக்கானவை. நாளைக்கே வந்தாலும், கிருமி தெரியாமல் எதைப் போடுவீர்கள்?

பால் பரிசோதனை செய்யாமல் ஊசியைத் தொடக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் அழுக்குப் படிவது நிற்கும் வரை விடாதீர்கள். முதல் சில பீச்சுகளைத் தனிப் பாத்திரத்தில் கழித்துவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் பால் பிடியுங்கள். விரல் குப்பியின் வாயில் படக்கூடாது. ஐஸில் வைத்து அன்றே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்டிருப்பதால், எத்தனை நாள் விட்டு மாதிரி எடுப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டைப் பார்க்காமலே ஊசி எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் வைத்தியர் அல்லர், வியாபாரி. ஒன்று கேட்காவிட்டால் அதைவிட விலை கூடியதைத் தருவார். அரைகுறையாக மருந்து பட்ட கிருமியில் தாக்குப்பிடிப்பதுதான் மிஞ்சிப் பெருகும். அடுத்த மாட்டுக்கும் அதுவே தொற்றும்.

முடிவு வரும்வரை இந்தப் பசுவைக் கடைசியாகக் கறங்கள். அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள். ஆரியஸ் உள்ளே வேரூன்றியிருந்தால், அந்த ஒரு காம்புப் பகுதியை மட்டும் வற்றவிடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.